ரேடியம் ஸ்டிக்கர் இருட்டில் வழி காட்டுமா?



இந்த மாதப் பாடம் கடன், வட்டி, தரம் பிரித்தல் பற்றியது அல்ல. நம் கட்டடங்களின் சுவரில் ஒட்டும் ஒரு சின்ன ஸ்டிக்கரைப் பற்றியது. "இதுக்கெல்லாம் ஒரு பாடமா?" என்று கேட்பீர்கள். ஏன் எழுதுகிறோம் என்பதற்கு, எங்கள் வேலைப் பகுதியில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம்.

பள்ளிச் சீருடை தைக்கும் பிரிவு மாடியில் இருந்தது. ஜூன் மாதம், ஆர்டர் முடிக்க வேண்டிய நெருக்கடி. மாலை ஏழு மணிக்குப் பதினாறு பேர் மெஷினில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே மீட்டர் பெட்டியில் ஒயர் கருகிப் புகை கிளம்பியது. கரண்ட் போய்விட்டது. புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறியது. எல்லோரும் எழுந்து வாசலைத் தேடினார்கள். வாசல் எந்தப் பக்கம் என்று தெரியும், தினமும் வருகிற இடம்தானே. ஆனால் நடுவில் துணிக்கட்டு, ஸ்டூல், அயர்ன் டேபிள். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் ஒரு சகோதரி படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தார், படி இல்லை. வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இரண்டரை மாதம் மெஷினில் உட்கார முடியவில்லை. வாங்கிய கடனுக்குத் தவணை கட்டக் குழுவே கைகொடுத்தது.

அந்தப் படிக்கட்டுச் சுவரில் அம்புக்குறி ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. ஒன்றல்ல, ஏழு. "இருட்டுல பளிச்சுனு தெரியும்" என்று கடையில் சொன்னதை நம்பி வாங்கி, வவுச்சரில் கையெழுத்துப் போட்டு, நின்று ஒட்ட வைத்தது நாங்கள்தான். அன்றைக்கு ஏழில் ஒன்றுகூடத் தெரியவில்லை. மறுநாள் டார்ச் அடித்துப் பார்த்தோம். கண்ணைக் கூசுகிற மாதிரி மின்னியது! டார்ச்சை அணைத்தோம். சுவரும் ஸ்டிக்கரும் ஒரே கருப்பு.

அப்போதுதான் எங்களுக்கே புரிந்தது. நாம் எல்லோரும் "ரேடியம் ஸ்டிக்கர்" என்று ஒரே பெயரில் சொல்வது ஒரே பொருள் அல்ல. இரண்டு மூன்று வேறு வேறு பொருள்கள் அந்த ஒரே பெயரில் விற்கின்றன.

மாட்டு வண்டியின் பின்னால், பைக் மட்கார்டில், லாரியின் ஓரத்தில் ஒட்டியிருப்பது ஒரு வகை. ராத்திரி தொழுவத்தில் டார்ச் அடித்தால் மாட்டின் கண் மின்னுகிறது அல்லவா? டார்ச் இல்லாவிட்டால் அதே மாட்டின் கண் இருட்டில் தெரியுமா? தெரியாது. இந்த ஸ்டிக்கரும் அப்படித்தான். அதற்குள் மிக நுண்ணிய கண்ணாடி மணிகள் அல்லது பட்டை தீட்டிய சில்லுகள் பதிந்திருக்கும். தன் மேல் விழும் வெளிச்சத்தை, வந்த திசைக்கே அது திருப்பி அனுப்பும். ரோட்டுக்கு இதுதான் சரி. எதிரே வரும் வண்டிக்கு ஹெட்லைட் இருக்கிறது. ஆனால் கரண்ட் போன மாடிப்படியில் ஹெட்லைட் பிடித்துக்கொண்டு யார் வருவார்?

இன்னொரு வகை, பகலில் கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை, ஆரஞ்சு நிறத் தாள். பொருட்காட்சி விலைச்சீட்டுக்கு நம் குழுக்கள் வாங்குவார்களே, அது. வெளிச்சத்தில் இருக்கும்வரைதான் அதன் பளபளப்பு. விளக்கை அணைத்த அடுத்த நொடி அதுவும் வெறும் தாள்.

நமக்கு வேண்டியது மூன்றாவது வகை. வெளிச்சத்தை வாங்கி உள்ளே சேர்த்து வைத்துக்கொண்டு, விளக்கு அணைந்த பிறகு மெதுவாக வெளியே விடுவது. திருவிழாக் கடையில் விற்கும் சின்ன மாதா சிலை, பிள்ளையார் சிலை ராத்திரியில் இளம்பச்சையாகத் தெரியும், பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் கூரையில் ஒட்டும் நட்சத்திரமும் இந்த இனம்தான். பகலில் பார்த்தால் மின்னாது, பளபளக்காது. கொஞ்சம் மஞ்சள் கலந்த வெளிறிய பச்சையாக, அழுக்குப் படிந்த வெள்ளை மாதிரி, சோகையாக இருக்கும். அதனால்தான் கடையில் பத்து ஸ்டிக்கரை வரிசையாக வைத்தால் நாம் அதை விட்டுவிட்டு மின்னுகிறதை எடுக்கிறோம். நாங்களும் அப்படித்தான் எடுத்தோம்.

"ரேடியம்னா விஷம்னு சொல்றாங்களே, பிள்ளைங்க இருக்கிற இடத்துல ஒட்டலாமா?" என்று ஒரு ஊக்குநர் கேட்டார். நல்ல கேள்வி. ரேடியம் என்பது மேரி கியூரியும் அவர் கணவரும் 1898இல் கண்டுபிடித்த கதிர்வீச்சுள்ள உலோகம். அதைக் கலந்த பெயிண்ட் இருட்டில் ஒளிரும் என்பதால், அமெரிக்காவில் 1910களில் கைக்கடிகார முகப்பில் எண் எழுதப் பயன்படுத்தினார்கள். எழுதியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். தூரிகை முனை கூர்மையாக இருக்க அதை உதட்டில் வைத்து எடுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பெயிண்ட் உள்ளே போனது. பல்லும் தாடையும் அரித்துப் பலர் இறந்தார்கள். நியூஜெர்சியில் ஐந்து பெண்கள் கம்பெனி மேல் வழக்குப் போட்டு, 1928இல் இழப்பீடு பெற்றார்கள். வேலைத்தலப் பாதுகாப்புப் பற்றிப் பேசும்போது அந்தப் பெண்களை இன்றும் நினைக்கிறார்கள்.

இப்போது கடையில் நாம் வாங்கும் ஸ்டிக்கரில், மின்னுகிறதோ ஒளிர்கிறதோ, ரேடியம் கிடையாது. பெயர் மட்டும் நம் ஊரில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒட்டலாம், பயம் வேண்டாம்.

ஒளிரும் வகையிலேயே இரண்டு தரம் உண்டு. இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். பழைய சரக்கு துத்தநாக சல்பைடு என்ற பொடியில் செய்தது. விலை குறைவு. 1990களில் ஜப்பானில் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் என்ற பொடியில் புதிய சரக்கைக் கொண்டுவந்தார்கள். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடையில் காட்டிக் கேட்கலாம். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்தால் முதலில் வேகமாகக் கொட்டும், போகப் போகச் சொட்டும். இரண்டு சரக்கும் இப்படித்தான், முதலில் பளிச்சென்று ஒளிர்ந்து பிறகு மங்கும். ஆனால் பழையது சொம்பு, புதியது குடம். பழையது அரை மணி, ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். புதியது பல மணி நேரம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். ஈரத்தோடு வெயிலும் பட்டால் பழைய சரக்கு கறுத்துப்போகவும் செய்யும்.

கடைக்காரர் கையைக் குவித்து, "உள்ள பாருங்கக்கா" என்று காட்டினால் இரண்டுமே நன்றாகத்தான் தெரியும். அது சொம்பும் குடமும் நிரம்பியிருக்கும் நேரம். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

"ரெண்டு நிமிஷத்துல கீழே இறங்கிடப் போறோம், எதுக்கு மணிக்கணக்கா ஒளிரணும்?" என்றும் கேட்டார்கள். கரண்ட் போன அதே நிமிடம் புகை வர வேண்டும் என்று கட்டாயமில்லை. ஏழு மணிக்குப் போன கரண்ட்டுக்காக மெழுகுவத்தி ஏற்றி உட்கார்ந்திருப்போம், எட்டு மணிக்கு மெழுகுவத்தியே துணிக்கட்டில் விழலாம். நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் 1993 பிப்ரவரியில் குண்டு வெடித்தபோது மின்சாரம் போய், புகை நிறைந்த இருட்டுப் படிக்கட்டுகளில் மக்கள் மணிக்கணக்கில் இறங்க வேண்டியிருந்தது. அதன் பிறகு அந்தப் படிக்கட்டுகளில் ஒளிரும் பெயிண்ட் அடித்தார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் தப்பியவர்களில் பலர், அந்தக் கோடுகள் இறங்குவதற்கு உதவின என்று சொன்னார்கள். உயரமான அலுவலகக் கட்டடப் படிக்கட்டுகளில் இது கட்டாயம் என்று 2004இல் அந்த நகரம் சட்டமே போட்டது.

நம் கட்டடம் ஒரு மாடிதான். ஆனாலும் இருட்டு இருட்டுதான். வெளிச்சத்திலிருந்து திடீரென்று இருட்டுக்கு வந்தால் கண் பழகப் பல நிமிடங்கள் ஆகும். முதல் நிமிடங்களில் கண் ஏறக்குறைய குருடு. அந்த நேரத்தில் தெரிகிற அளவுக்கு ஒளி வேண்டும்.

சரி, எப்படிச் சோதிப்பது? நாம் எது வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வாங்கிக் குறைந்த விலைக்குத் தீர்மானம் போடுவது வழக்கம். இதில் அது மட்டும் போதாது. ஒவ்வொரு கடையிலிருந்தும் உள்ளங்கை அளவு மாதிரித் துண்டு கேளுங்கள். தர மறுக்கும் கடையை விட்டுவிடலாம். துண்டுகளின் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடுங்கள். முதலில் டார்ச் சோதனை: அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடியுங்கள். சுளீரென்று மின்னி, டார்ச்சை அணைத்ததும் காணாமல் போவது வண்டி ஸ்டிக்கர். ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

மிச்சமுள்ளதை, உங்கள் கட்டடத்தில் எந்த விளக்கு எரிகிறதோ அதே விளக்கின் கீழ், ஒட்டப்போகிற தூரத்திலேயே, ஒரு மணி நேரம் வையுங்கள். வெயிலில் காட்டிச் சோதிக்காதீர்கள். வெயிலில் எல்லாச் சரக்கும் கெட்டிக்காரச் சரக்குதான், மாடிப்படிக்குள் வெயில் வராது. பிறகு விளக்கை அணைத்து, ஜன்னலை மூடி, எல்லோரும் உட்காருங்கள். பத்து நிமிடம் கழித்து எது நன்றாகத் தெரிகிறது? ஒரு மணி நேரம் கழித்து எது தெரிகிறது? அந்த ஒரு மணி நேரமும் யாரும் போனைத் திறக்கக் கூடாது, திறந்தால் கண் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். நாங்கள் இப்படிச் சோதித்த அன்று இருட்டில் உட்கார்ந்து சேமிப்புக் கணக்கு முதல் மருமகள் கதை வரை எல்லாம் பேசி முடித்தோம். ஐந்து துண்டுகளில் கடைசிவரை தெரிந்தவை இரண்டு. அதில் ஒன்று விலையில் மூன்றாவது இடத்தில் இருந்தது. அதையே வாங்கினோம். குறைந்த விலைச் சரக்கை ஏன் வாங்கவில்லை என்று தணிக்கையில் கேட்டால் சொல்ல, சோதனை முடிவைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம்.

பெரிய கம்பெனிச் சரக்கில் தர எண் அச்சிட்டிருக்கும். டி.ஐ.என். 67510 அல்லது ஐ.எஸ்.ஓ. 17398 என்று இருந்தால், ஒளிரும் பொருளுக்கான முறைப்படி அளந்திருக்கிறார்கள் என்று பொருள். சில சரக்கில் பக்கத்தில் இரண்டு எண்கள் சாய்கோடு போட்டு இருக்கும். முதல் எண், விளக்கு அணைந்து பத்து நிமிடத்தில் எவ்வளவு ஒளி. இரண்டாவது, அறுபது நிமிடத்தில் எவ்வளவு. மில்லி காண்டெலா என்ற அளவில் சொல்வார்கள். எண் பெரிதானால் ஒளி அதிகம். அச்சை மட்டும் நம்பாமல் நம் இருட்டுச் சோதனையையும் செய்துவிடுங்கள்.

நிறத்தில் ஆசைப்பட வேண்டாம். சிவப்பு, ஊதா எல்லாம் ஒளிர்கிற மாதிரி கிடைக்கும். ஆனால் இருட்டில் நம் கண்ணுக்குப் பச்சைதான் எளிதில் பிடிபடும். பலகை முழுவதும் ஒளிர்ந்து, அதன்மேல் எழுத்தும் படமும் அடர்ந்த நிறத்தில் இருப்பது நல்லது. ஒளிரும் பரப்பு கூடும். எழுத்து படிக்கத் தெரியாத உறுப்பினர்களும் வருவார்கள், ஆகவே "வெளியே செல்லும் வழி" என்ற எழுத்தோடு ஓடும் மனிதர் படமும் அம்பும் கட்டாயம் இருக்கட்டும்.

பெயிண்டாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் சுத்தமான வெள்ளை அடித்து, காய்ந்த பிறகு அதன்மேல் ஒளிரும் பெயிண்டை இரண்டு மூன்று பூச்சாக அடிக்க வேண்டும். கறுப்பு, காவிச் சுவரில் நேராக அடித்தால் பாதி ஒளி சுவரோடு போய்விடும். பொடி கனமானது, டப்பாவின் அடியில் தங்கும், அடிக்கடி கிளறச் சொல்லுங்கள். அழகுக்காக வேறு நிறம் கலக்கவே கூடாது. தண்ணீர் பட்டால் புதிய சரக்கின் பொடி கெட்டுப்போகும். ஆகவே கழுவி விடும் தரைக்கு, மேலே பிளாஸ்டிக் உறை உள்ள பட்டை அல்லது தண்ணீர் தாங்கும் என்று எழுதியிருக்கும் பெயிண்ட் வாங்குங்கள்.

எங்கே ஒட்டுவது என்பதில் நாங்கள் செய்த இன்னொரு தப்பையும் சொல்கிறோம். பழைய ஸ்டிக்கர்களைத் தலைக்கு மேல் உயரத்தில் ஒட்டியிருந்தோம். புகை மேலேதான் போய்ச் சேரும். சரியான சரக்காக இருந்திருந்தாலும் அன்றைக்கு அது புகைக்குள் இருந்திருக்கும். கதவுக்கு மேலே ஒன்று இருக்கட்டும், ஆனால் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள் சுவரை ஒட்டி ஒரு தொடர்ச்சியான பட்டை வேண்டும். குனிந்து, தவழ்ந்து போகிறவருக்கு அதுதான் வழி. அங்கொன்று இங்கொன்று அம்பு போடுவதைவிட அறுபடாத கோடு மேல்.

படிக்கட்டில் பெயிண்டர் படியின் முகப்பில், அதாவது ஏறும்போது நம் கண்ணுக்கு நேரே தெரியும் செங்குத்துப் பக்கத்தில், கோடு போடப் பார்ப்பார். இறங்கும்போது அந்தப் பக்கம் நமக்குத் தெரியுமா? ஒருமுறை மேலே நின்று பாருங்கள். தப்பித்து ஓடுகிறவர் இறங்குகிறவர். ஆகவே கால் வைக்கும் பரப்பின் விளிம்பில், ஒன்று முதல் இரண்டு அங்குல அகலத்தில், எல்லாப் படியிலும் போட வேண்டும். வழுவழுப்பான பட்டை காலை வாரிவிடும், சொரசொரப்பான பரப்புள்ளதாகக் கேளுங்கள். படி திரும்பும் இடத்தையும் கடைசிப் படியையும் தவற விடாதீர்கள். எங்கள் சகோதரி விழுந்தது திருப்பத்தில்தான்.

வெளியே போகும் கதவின் நிலையைச் சுற்றியும் தாழ்ப்பாளைச் சுற்றியும் ஒட்டுங்கள். ஸ்டோர் ரூம், கழிப்பறைக் கதவில் ஒட்டாதீர்கள், இருட்டில் அதையும் வாசல் என்று நினைத்து உள்ளே போய்விடுவார்கள். மெயின் சுவிட்ச், தீயணைப்புக் கருவி இருக்கும் இடத்துக்குத் தனி அடையாளம் போடலாம்.

இவ்வளவும் செய்துவிட்டு ஒன்றை மறந்தால் எல்லாம் வீண். குடத்தை நிரப்பினால்தானே தண்ணீர் வரும்? கரண்ட் பில்லுக்குப் பயந்து படிக்கட்டு விளக்கை நாள் முழுக்க அணைத்து வைத்தால், அங்கே ஒட்டிய பட்டை எதைச் சேர்த்து வைக்கும்? ஆட்கள் மாடியில் வேலை செய்யும் நேரம் முழுவதும் படிக்கட்டு விளக்கு எரிய வேண்டும். வெள்ளை ட்யூப்லைட்டும் வெள்ளை எல்.இ.டி.யும் நன்றாக நிரப்பும். மஞ்சள் குண்டு பல்பு அவ்வளவு நிரப்பாது. சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு ஒன்றுக்கும் ஆகாது. விளக்கே போட முடியாத இடம் என்றால் அங்கே இந்தச் சரக்கு வேண்டாம், பேட்டரி விளக்கு வையுங்கள்.

"எல்லார் கையிலயும் போன் இருக்கே, டார்ச் அடிச்சுக்க மாட்டோமா?" இதுவும் கூட்டத்தில் வந்த கேள்விதான். தையல் பிரிவில் போன் பையில், பை ஆணியில். கையில் இருந்தாலும், அடர்ந்த புகைக்குள் டார்ச் அடித்தால் வெளிச்சம் புகையில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். பனியில் ஹெட்லைட் போட்ட வண்டி மாதிரி.

பலகை வழியைக் காட்டும், வழியை உண்டாக்காது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளை இழந்தோம். அது பட்டப்பகல். எந்த ஒளிரும் பலகையும் அங்கே உதவியிருக்காது. சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது, மாடியில் இருந்த பிள்ளைகளுக்கு இறங்க இருந்தது குறுகலான படிக்கட்டு. நம் கட்டடத்திலும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். ஒரு கிளஸ்டர் கட்டடத்தில் பின்கதவின்மேல் அழகான பச்சைப் பலகை. கதவைத் திறக்கச் சொன்னோம். சாவி தலைவி வீட்டில் இருந்தது, தலைவி கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். கதவுக்கு முன்னால் பதினெட்டு மூட்டை தவிடு.

ஒட்டிய பிறகு பராமரிப்பு அதிகமில்லை. ஈரத்துணியால் துடைத்தால் போதும், சோப்புத்தூள் போட்டுத் தேய்க்க வேண்டாம். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது பலகையை மட்டும் விட்டுவிடுங்கள். வெள்ளையடிக்க வருகிறவரிடமும் சொல்லி வையுங்கள். ஒரு ஊரில் எல்லாப் பட்டையின் மேலும் டிஸ்டெம்பர் அடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கூட்டத்தில் இந்தப் பாடத்தை வாசித்த பிறகு பேசிப் பாருங்கள். நம் கூடுமிடத்தில் கரண்ட் போனால், கையில் பிள்ளை வைத்திருப்பவர் எந்த வழியாக வெளியே போவார்? அந்தக் கதவின் சாவி இப்போது எங்கே? படிக்கட்டில் என்னென்ன அடுக்கி வைத்திருக்கிறோம்? பேசி முடித்து, உண்மையாகவே பத்து நிமிடம் விளக்கை அணைத்து உட்காருங்கள். ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் தெரிகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

கைமுறிந்த சகோதரி இப்போது அதே தையல் பிரிவில் கொள்முதல் குழு உறுப்பினர். புதிய பட்டைகளை ஒட்டும்போது ஒவ்வொரு படியாக உட்கார்ந்து அளந்து கொடுத்தவர் அவர்தான். நாங்கள் சோதித்த ஐந்து மாதிரித் துண்டுகளும், பழைய ஏழு அம்புகளில் ஒன்றும் கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறோம். மாதக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதிகள் வாங்கிக்கொண்டு போய், உங்கள் குழுவில் காட்டிவிட்டு, அடுத்த கூட்டத்தில் மறக்காமல் திருப்பிக் கொடுங்கள். டார்ச் நீங்கள்தான் கொண்டு வர வேண்டும்.